நாஞ்சில் நாட்டில் டிரவுட் மீன் வளருமா?

தை பிறந்து, பேச்சிப்பாறைப் பக்கம் காலையில் பனி இறங்கத் தொடங்கியதும், மீன் வளர்க்கும் விவசாயிகளிடமிருந்து ஒரு கேள்வி தவறாமல் வரும். "ஊட்டியில டிரவுட் மீன் வளருதாமே. நல்ல விலையும் போகுதாம். நம்ம கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் தண்ணி ஐஸ் மாதிரிதானே ஓடுது. இங்க விட்டா என்ன?"

கேள்வியில் தவறில்லை. நெல்லில் வரவு குறையும்போது வேறு வருமானத்தைத் தேடத்தான் வேண்டும். ஆனால், பதில் ஒரே வார்த்தைதான்: வளராது. குஞ்சு தருகிறோம், தொட்டி அமைத்துத் தருகிறோம் என்று யாராவது முன்பணம் கேட்டால், கொடுப்பதற்கு முன் இந்தக் கட்டுரையை ஒருமுறை படித்துவிடுங்கள்.

அதோடு இன்னொரு விஷயமும் உண்டு. குளிர் முடிந்து வெயில் தொடங்கும் பருவத்தில் இந்த மீனைத் தூண்டிலில் பிடிப்பவர்கள், மீனைத் தேடுவதற்கு முன் தண்ணீரைப் படிக்கிறார்கள். அந்த வித்தை நம் குளத்துக்கும் சானலுக்கும் அப்படியே பயன்படும். மாசி, பங்குனியில் நமக்கு அதிகம் தேவைப்படுவதும் அதுதான்.

மலைக்கு வந்த விருந்தாளி

டிரவுட் நம் நாட்டு மீன் அல்ல. உடலின் பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடும் வானவில் டிரவுட், வட அமெரிக்காவின் பசிபிக் கடலோர ஆறுகளைச் சேர்ந்தது. பழுப்பு டிரவுட்டின் தாயகம் ஐரோப்பா. ஆங்கிலேயர்கள் தங்கள் ஊர்த் தூண்டில் விளையாட்டை இங்கும் தொடர விரும்பியதால்தான் இவை நம் மலைகளுக்கு வந்தன.

நீலகிரியில் முதல் முயற்சியை 1863-ல் எடுத்தவர், இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய டாக்டர் பிரான்சிஸ் டே. அது தோற்றது. கடல் கடந்து வரும் வழியில் வெப்பம் முட்டைகளை விட்டுவைக்கவில்லை. பிறகும் பல முயற்சிகள் நடந்தன. கடைசியில் எச்.சி. வில்சன் என்பவர் வானவில் டிரவுட்டின் முட்டைகளை இலங்கையிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வரவழைத்து, 1907-ல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகே அந்த மீன் நீலகிரி ஓடைகளில் நிலைத்தது. காஷ்மீரிலும் இதே கதைதான். அங்கே ஸ்காட்லாந்திலிருந்து வந்த பழுப்பு டிரவுட் முட்டைகள் 1900-ல் பலன் தந்தன. மூணாறு மலையிலும் இலங்கையின் நுவரெலியாவிலும் ஆங்கிலேயர் காலத்திலேயே டிரவுட் குடியேறியது.

இந்த இடங்களைப் பாருங்கள். அவலாஞ்சி, மூணாற்றின் இரவிகுளம், நுவரெலியா மூன்றும் ஏறக்குறைய 1,850 மீட்டருக்கு மேல் உள்ளவை. காஷ்மீர் பள்ளத்தாக்கோ பனிமலை நீர் பாயும் இடம். அரசாங்கமே செலவு செய்தும், நீலகிரியில் சரியான தண்ணீரைப் பிடித்து மீனை நிலைக்க வைக்க 44 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

தண்ணீர் சொல்லும் கணக்கு

வானவில் டிரவுட் நன்றாக வளர 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரையிலான நீர் வேண்டும். 20 டிகிரியைத் தாண்டினால் தீனி எடுப்பது குறையும், நோய் வரும். 25 டிகிரியை நெருங்கினால் சாவுதான்.

நம் குளத்து நீர் தை மாதக் காலையிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பங்குனி மதியத்தில் 30-ஐத் தாண்டிவிடும். காளிகேசத்தில் காலை நனைத்தால் சில்லென்று இருப்பது உண்மை. ஆனால், நம் உடல் 37 டிகிரி. 23 டிகிரித் தண்ணீரும் நமக்குச் சில்லென்றுதான் படும். அதே தண்ணீர் டிரவுட்டுக்கு வெந்நீர். காலை நம்பாதீர்கள், தெர்மாமீட்டரை நம்புங்கள்.

"அப்படியானால் மேல் கோதையாறு, முத்துக்குழிவயல் உயரத்துக்குப் போனால்?" என்று கேட்கலாம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். அந்தப் பகுதியின் உயரம் சுமார் 1,300 மீட்டர்தான். அங்கேயும் ஆண்டு முழுவதும் 16 டிகிரிக்குள் நீர் கிடைக்காது. அது வனத்துறைக்குச் சொந்தமான காடு என்பது அடுத்த காரணம்.

வெப்பத்தோடு சேர்ந்து வருவது ஆக்சிஜன் கணக்கு. குளிர்ந்த நீர்தான் காற்றை அதிகம் பிடித்து வைக்கும். கடல் மட்ட உயரத்தில், நன்னீர் அதிகபட்சம் கரைத்து வைக்கக்கூடிய ஆக்சிஜன் அளவு இது:

10 டிகிரியில் லிட்டருக்கு 11.3 மில்லிகிராம்
15 டிகிரியில் 10.1 மில்லிகிராம்
20 டிகிரியில் 9.1 மில்லிகிராம்
25 டிகிரியில் 8.3 மில்லிகிராம்
30 டிகிரியில் 7.6 மில்லிகிராம்

வெப்பம் ஏற ஏற இருப்பு குறைகிறது. மீனின் தேவையோ கூடுகிறது. 10 டிகிரி உயர்ந்தால் மீன் மூச்சுக்குச் செலவிடும் ஆக்சிஜன் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வரவு சுருங்கி, செலவு பெருகும் குடும்பம் மாதிரி. டிரவுட்டுக்கு லிட்டருக்கு 6 முதல் 7 மில்லிகிராமாவது எப்போதும் வேண்டும். நம் கட்லா, ரோகு மீன்கள் 5 இருந்தால் செழிக்கும். 3-க்குக் கீழே போனால் அவையும் திணறும்.

குளிரூட்டி வளர்க்கலாமா?

ஹைதராபாத் போன்ற வெப்பமான ஊரிலும், நீரைக் குளிரூட்டிச் சுழற்சி முறையில் டிரவுட் வளர்ப்பதாகச் செய்தி வருகிறதே என்பார்கள். தொழில்நுட்பத்தால் முடியும். விவசாயியின் பையால் முடியுமா என்பதுதான் கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

10,000 லிட்டர் நீரை 27 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்குக் கொண்டுவர, சுமார் 140 யூனிட் அளவுக்கு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். நல்ல குளிரூட்டி ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் வெப்பத்தை அகற்றும் என்று வைத்தாலும், 46 முதல் 47 யூனிட் மின்சாரம் ஆகும். இது ஒரே ஒரு முறை குளிர்விக்க. அதன் பிறகு சுற்றிலும் உள்ள காற்றும் தரையும் நாள் முழுவதும் அந்த நீரைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். வடிகட்டி, காற்றூட்டி, பம்பு எல்லாம் இரவும் பகலும் ஓட வேண்டும். நெருக்கமாக மீன் விட்ட தொட்டியில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் கைகொடுக்காவிட்டால், ஆக்சிஜன் தீர்ந்து ஒரே நாளில் முழு முதலும் மிதக்கும். தீனியும் 40 சதவீதத்துக்கு மேல் புரதம் உள்ள தனித் தீனியாக இருக்க வேண்டும். தவிடும் பிண்ணாக்கும் போட்டு டிரவுட் வளர்க்க முடியாது. பெரிய முதலீட்டு நிறுவனத்துக்கு இது தாங்கலாம். ஐம்பது சென்ட் நிலமும் கூட்டுறவுக் கடனும் வைத்திருப்பவருக்குத் தாங்காது.

ஈத் தூண்டில் கற்றுத் தருவது

இனி, தூண்டில்காரர்களிடம் வருவோம். நாம் மண்புழுவைக் கோத்து, தக்கையும் ஈயக்குண்டும் கட்டி வீசுகிறோம். டிரவுட் பிடிப்பவர்கள் பயன்படுத்துவது பிளை பிஷிங் எனப்படும் ஈத் தூண்டில். இதில் இரை கிடையாது. முள்ளின் மேல் இறகையும் நூலையும் சுற்றி, தண்ணீர்ப் பூச்சியைப் போலவே ஒரு பொய் ஈ செய்கிறார்கள். அதற்கு எடையே இல்லை. அதனால் தூண்டில் நரம்பையே கனமாகச் செய்து, கம்பை முன்னும் பின்னும் வீசி, அந்த நரம்பின் வேகத்தில் ஈயைத் தண்ணீரில் மெல்ல இறக்குகிறார்கள்.

குளிர் நாடுகளில் பிப்ரவரியில் ஓடை நீர் 4 முதல் 6 டிகிரிதான் இருக்கும். மீன் குளிர்ரத்தப் பிராணி. தண்ணீரின் வெப்பம்தான் அதன் உடல் வெப்பம். எனவே டிரவுட் அப்போது மந்தமாக, நீரோட்டம் இல்லாத ஆழமான மடுவில் தரையோடு தரையாகக் கிடக்கும். தீனிக்காகத் தூரம் போகாது. தூண்டில்காரர் விடியலில் போவதில்லை. வெயில் ஏறி நீர் ஓரிரு டிகிரி சூடாகும் நடுப்பகலில் போகிறார். பூச்சியின் இளம் பருவத்தைப் போன்ற பொய் ஈயைத் தரையை ஒட்டி மெதுவாக உருட்டிவிடுகிறார்.

மார்ச், ஏப்ரலில் நீர் 8, 10 டிகிரியைத் தொடும்போது காட்சி மாறும். கல்லுக்கடியில் குளிர்காலத்தைக் கழித்த பூச்சிகள் மேலே வந்து, தோலுரித்து, சிறகு விரித்துப் பறக்கும். டிரவுட்டும் மேலே வந்து கவ்வும். அன்றைக்கு எந்தப் பூச்சி வெளிவருகிறதோ, அதே அளவு, அதே நிற ஈயைக் கட்டியவருக்குத்தான் மீன் கிடைக்கும். அதனால் அனுபவமுள்ள தூண்டில்காரர் ஆற்றில் இறங்கியதும் இரண்டு வேலை செய்வார்: தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விடுவார், ஒரு கல்லைப் புரட்டிப் பார்ப்பார்.

நீலகிரியில் குளிர்காலம் டிரவுட்டின் இனப்பெருக்கக் காலம். சினைமீனின் வயிற்றை மெல்ல நீவி முட்டைகளை ஒரு பாத்திரத்தில் எடுத்து, ஆண் மீனின் விந்தைச் சேர்த்துக் கலக்கி, ஓடும் நீரில் தட்டுகளில் வைப்பது பொரிப்பக முறை. 10 டிகிரியில் சுமார் 30 நாளில் குஞ்சு வெளிவரும். அங்கே மீன்வளத் துறையின் அனுமதி இல்லாமல் தூண்டில் போடக் கூடாது.

நமக்குத் தலைகீழ்ப் பருவம்

குளிர் நாட்டில் இந்தப் பருவத்தில் நீர் சூடாவது மீனுக்கு நல்ல செய்தி. நாஞ்சில் நாட்டில் அதுவே எச்சரிக்கை. கும்பப்பூ அறுவடை நெருங்க, சானல்களில் தண்ணீர் நிறுத்தப்படும். குளம் வற்றத் தொடங்கும். இருக்கும் கொஞ்ச நீரும் சூடாகும். குறைந்த நீரில் வளர்ந்த மீன் நெருங்கி நிற்கும். மாசி, பங்குனியில் ஒரே இரவில் மீன் செத்து மிதப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகிப்பதற்கு முன், ஆக்சிஜன் பற்றாக்குறையா என்று பாருங்கள்.

தூண்டில்காரரைப் போல நீங்களும் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். காலை 6 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் முழங்கை ஆழத்தில் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். கூடவே இவற்றையும் கவனியுங்கள்.

விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து காற்றைக் குடிக்கின்றனவா? பகலில் பாசி ஆக்சிஜனைத் தரும். இரவில் அதுவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஆகவே, சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்புதான் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும்.

கையை முழங்கை வரை நீரில் நீட்டுங்கள். உள்ளங்கை லேசாகத் தெரிந்தால் பாசி அளவாக இருக்கிறது. மணிக்கட்டே தெரியாத அளவுக்குக் கடும்பச்சை என்றால் ஆபத்து. மேகமூட்டமான இரண்டு நாள் போதும், பாசி செத்து நீர் கெட்டுவிடும்.

நீரின் ஆழம் மூன்றரை அடிக்குக் கீழே இறங்கினால், விற்பனை எடைக்கு வந்த மீன்களைப் பிடித்துவிடுங்கள். பாதி மீனை எடுத்தால் மீதிக்கு மூச்சு கிடைக்கும்.

மீன் காற்றுக் குடிப்பதைப் பார்த்தால் அன்றைக்குத் தீனி போடாதீர்கள். சாணமும் போடாதீர்கள். கிணறு அல்லது போர் தண்ணீரை உயரத்திலிருந்து சிதறி விழும்படி பாய்ச்சுங்கள். அது இல்லையென்றால், குளத்து நீரையே பம்பால் இறைத்து, குளத்துக்குள்ளேயே பீய்ச்சி அடியுங்கள்.

கல்லைப் புரட்டிப் பாருங்கள்

இரண்டாவது வித்தை கல். பரளியாற்றிலோ, பழையாற்றின் மேல்பகுதியிலோ, உங்கள் தோட்டத்தை ஒட்டிய ஓடையிலோ, ஓடும் நீரில் கிடக்கும் உள்ளங்கை அளவுக் கல் பத்தை எடுத்து அடிப்பக்கம் பாருங்கள். மூன்று வகைப் பூச்சிகளைத் தேட வேண்டும். தட்டையான உடலும், வயிற்றின் இருபுறம் மெல்லிய செவுள் இதழ்களும், பெரும்பாலும் மூன்று வாலும் இருந்தால் அது மே ஈயின் இளம் பருவம். இரண்டு வாலும், ஒவ்வொரு கால் நுனியிலும் இரண்டு நகமும் இருந்தால் கல் ஈ. மணலையும் குச்சியையும் ஒட்டிச் சிறு கூடு கட்டியோ, கல்லில் வலை பின்னியோ இருக்கும் புழு, கேடிஸ் ஈயின் இளம் பருவம்.

நீலகிரி டிரவுட்டுக்கு மட்டுமல்ல, நம் ஓடைகளின் கல்லொட்டிக்கும் கெண்டைக்கும் இவை தீனி. சுத்தமான, ஆக்சிஜன் நிறைந்த நீரில்தான் இவை வாழும். மருந்து கலந்தால் முதலில் மறைவதும் இவைதான். இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகளும் செயற்கை பைரித்ராய்டு மருந்துகளும், மீனுக்கு எட்டாத மிகக் குறைந்த அளவிலேயே மே ஈயின் இளம் பருவத்தைக் கொன்றுவிடும்.

வயல் தொடங்குவதற்கு மேலே ஒரு இடத்திலும், வயல் வடிகால் சேர்வதற்குக் கீழே ஒரு இடத்திலும் பாருங்கள். மேலே பூச்சி இருந்து கீழே இல்லையென்றால், நடுவில் ஏதோ நடக்கிறது. சாக்கடையோ, வண்டல் படிவதோகூடக் காரணமாக இருக்கலாம். ஆனால், நம் வயலையும் சந்தேகிக்க வேண்டும். நம் வடிகால்கள் பழையாற்றில் சேர்ந்து மணக்குடி காயலுக்குப் போகின்றன. சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கு வரும் பறவைகளும் இதே நீரை நம்பித்தான் வருகின்றன.

செய்ய வேண்டியவை எளியவை. மருந்து அடிக்கும் முன் வரப்பையும் வாமடையையும் அடையுங்கள். அடித்த பின் ஒரு வாரமாவது வயல் நீரை வெளியே விடாதீர்கள். தெளிப்பானைச் சானலில் கழுவாதீர்கள். கரையை ஒட்டிய சில அடி அகலத்தை மருந்தடிக்காமல் விடுங்கள். நெல்லில் செயற்கை பைரித்ராய்டு அடித்தால் புகையான் பெருகும் என்பது நிரூபணமான உண்மை. அதைத் தவிர்த்தால் வயலுக்கும் லாபம், ஓடைக்கும் லாபம்.

ஓடையில் புது மீன் விடாதீர்கள்

"வளர்ந்தால் வளரட்டும்" என்று வெளிநாட்டு மீனை ஓடையில் விட்டுப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியில் மட்டுமே வாழும் ஒரு சிறு நன்னீர் இறால் இனத்துக்கு, அங்கு விடப்பட்ட டிரவுட் பெரிய அச்சுறுத்தலாகிவிட்டது. நம் பக்கம் ஆப்பிரிக்கக் கெளுத்தி செய்யும் சேதம் உங்களுக்கே தெரியும். தடை செய்யப்பட்ட அந்த மீன், வெள்ளத்தில் குளம் உடைந்து வெளியேறி, அயிரை, விரால் குஞ்சு என எதையும் விடுவதில்லை. ஒருமுறை ஆற்றில் நுழைந்த மீனைத் திரும்பப் பிடித்துவிட முடியாது.

நம் தண்ணீருக்கு நம் மீன்

நம் நீர் 25 முதல் 32 டிகிரி. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுக்கும் இதைவிடப் பொருத்தமான வெப்பம் வேறில்லை. டிரவுட்காரர் செலவழித்துப் பெற வேண்டியது நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. பத்து சென்ட் குளத்துக்கான கணக்கு இதோ.

மாசி, பங்குனி: வளர்ந்த மீனைப் பிடித்து விற்றுவிட்டு, குளத்தை வெடிப்பு விடும் வரை காயவிடுங்கள். அடிச்சேற்றில் உள்ள நச்சு வாயுவும் வேண்டாத மீன்களும் ஒழியும். அடி மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

சித்திரை, வைகாசி: 8 முதல் 10 கிலோ சுண்ணாம்பு தூவுங்கள். மேற்கே கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் செம்பொறை மண் புளிப்புத் தன்மை உடையது. அங்கே பரிசோதனை முடிவைப் பார்த்து அளவைக் கூட்ட வேண்டும். ஒரு வாரம் கழித்து 80 முதல் 100 கிலோ மட்கிய சாணம் இட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நீர் நிரப்புங்கள்.

ஆனி, ஆடி: கன்னிப்பூவுக்கு அணை திறந்து தண்ணீர் வந்ததும், விரல் நீளக் குஞ்சுகள் 200 முதல் 400 வரை விடலாம். பத்தில் நான்கு பங்கு கட்லா, மூன்று பங்கு ரோகு, மூன்று பங்கு மிர்கால். குஞ்சுப் பையை அரைமணி நேரம் குளத்து நீரில் மிதக்கவிட்டு, இரண்டு நீரின் வெப்பமும் ஒன்றான பிறகு திறந்துவிடுங்கள்.

தீனி: தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம அளவு, மீனின் மொத்த எடையில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு. அடுத்த மாசிக்குள் மீன் விற்பனைக்கு வந்துவிடும். கும்பப்பூ அறுவடையும் மீன் அறுவடையும் ஒரே பருவத்தில் கைக்கு வரும்.

மீன்குஞ்சுக்கும் மானியத் திட்டங்களுக்கும் நாகர்கோவிலில் உள்ள மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தை அணுகுங்கள். மண், பூச்சிமருந்து தொடர்பான ஆலோசனைக்குத் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. போகும்போது, இரண்டு வாரமாவது காலையும் பிற்பகலும் அளந்து எழுதிய அந்த நோட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதைப் பார்த்தால்தான் உங்கள் குளத்துக்கு ஏற்ற யோசனை சொல்ல முடியும்.